ஐந்து மாத வித்தியாசம்

எட்டாம் நம்பர் தேயிலை மலையில் நின்றால் மஸ்கெலியா ரோட்டில் போகிற வருகிற பஸ் அத்தனையும் தெரியும். அன்று மத்தியானத்துக்கு மேல் வீரம்மா கொழுந்தைப் பார்த்ததைவிட ரோட்டைப் பார்த்ததுதான் அதிகம். விரல்கள் தம் பாட்டில் கிள்ளிக்கொண்டிருந்தன. முப்பது வருஷப் பழக்கம். கண் வேறெங்கோ இருந்தாலும் அவை வேலை செய்யும்.

காலையில் முதல் பஸ்ஸில் மகள்கள் இரண்டு பேரும் கண்டியிலுள்ள கல்விக் கந்தோருக்குப் போயிருந்தார்கள். மூத்தவள் கிருஷாந்தி, இளையவள் லோஜினி. இருவரும் ஒரே வருஷம் கல்வியியற் கல்லூரிக்குப் போய், ஒரே வருஷம் படித்து முடித்தவர்கள். மூத்தவள் கணிதம், இளையவள் ஆரம்பப் பிரிவு. ஆசிரியர் நியமனத்துக்கு மனுப் போடும்போது எந்தப் பாடசாலை வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். இரண்டு பேரும் தாங்கள் பிறந்து வளர்ந்த மொட்டமலைத் தோட்டத்துப் பாடசாலையைத்தான் எழுதினார்கள். டவுன் பக்கம் போகத் துடிக்கிற காலத்தில் இதுகள் இரண்டும் தோட்டத்தைக் கேட்டது லயத்து வீடுகளில் பெரிய பேச்சாகிவிட்டது. கடைசியாக மூலப் பத்திரங்களைக் காட்டிவிட்டு வந்தால் போதும், அடுத்த மாதம் கையில் கடிதம் என்று சொல்லியிருந்தார்கள்.

"வீரம்மாக்கா, நெரையப் பாத்துக் கிள்ளுங்க. முத்துன எலையெல்லாம் சேந்து போகுது," என்றாள் பக்கத்து நிரையில் நின்ற மீனம்மா.

"போகட்டும் விடு."

"ஆமா, டீச்சர்மாரப் பெத்தவங்களுக்கு இனி கொழுந்து எதுக்கு. வேல மேய்க்கிற கண்டாக்கு ஐயா சத்தம் போட்டா, எம்மக வந்து ஒங்க புள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்க மாட்டாள்னு சொல்லிருங்க."

நாலு நிரைக்கும் சிரிப்புக் கேட்டது. வீரம்மாவும் சிரித்தாள். இடுப்பில் கட்டிய படங்குத் துணியில் மழைத்தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. காலுக்கிடையில் அட்டை ஏறுவது தெரிந்தும் குனிந்து பிடுங்கத் தோன்றவில்லை.

மூன்றரைக்கு பஸ் வந்து தோட்டத்துச் சந்தியில் நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். லோஜினி குடையை விரித்தாள். கிருஷாந்தி அதற்குள் வரவில்லை. மழையில் நனைந்துகொண்டே இருபது அடி முன்னால் நடந்தாள். லோஜினி பின்னால் ஓடிக் குடையை நீட்டுவதும் மற்றவள் விலகி நடப்பதும் மலையிலிருந்து சின்னதாய், ஆனால் தெளிவாய்த் தெரிந்தது.

ஒண்ணாம் ஆண்டிலிருந்து ஒரு குடையில் நடந்த பிள்ளைகள். கொழுந்து நிறுக்கும்வரை மலையை விட்டு இறங்க முடியாது. அந்த ஒரு மணித்தியாலம் வீரம்மாவுக்கு ஒரு நாளாகப் போனது.

வீட்டுக்கு வந்தபோது லோஜினி அடுப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். கிருஷாந்தி ஈரத் தலையைத் துவட்டாமல் வாசல் இஸ்தோப்பில் நின்றாள்.

"என்னான்னு யாராச்சும் சொல்லுங்க புள்ள."

லோஜினிதான் சொன்னாள். "கந்தோர்ல இருந்த அந்த மிஸ்ஸு நல்லவங்கதாம்மா. எங்க ரெண்டு பேரு பைலையும் ஒண்ணுக்குமேல ஒண்ணா வச்சிருந்தாங்க. ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கொடத்தக் கேட்டதால அப்புடி வந்துருச்சு. ரெண்டு பொறப்புப் பத்திரத்தையும் பாத்தாங்க. ஒரே அம்மா பேரு, ஒரே அப்பா பேரு. அக்கா தொண்ணூத்தொம்பது செப்டம்பர். நான் ரெண்டாயிரம் பெப்ரவரி. விரல விட்டு எண்ணுனாங்க. ஒரு தாய்க்கு அஞ்சு மாசத்துல ரெண்டு புள்ள பொறக்குமான்னு கேட்டாங்க."

வீரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டுல ஒரு பத்திரம் பொய்யி, பதினாலு நாளைக்குள்ள ஆதாரம் கொண்டு வாங்க, இல்லாட்டி ரெண்டு நியமனத்தையும் நிறுத்திட்டு விசாரணைக்கு அனுப்புவேன்னாங்க. நாங்க என்னத்தச் சொல்ல முடியும்."

"ஒரு பத்திரம் பொய்யின்னா ஒருத்திதான் வெலகணும்," என்றாள் கிருஷாந்தி, திரும்பிப் பார்க்காமலே. "ரெண்டு பேரும் எதுக்கு."

வீரம்மா தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள். அது கொதித்து வற்றி மறுபடி வைக்க வேண்டியதாயிற்று. புருஷன் செல்லசாமிக்குத் தேயிலை பெக்டரியில் வேலை. இரவு முறைக்குப் போகப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் பிள்ளைகள் விஷயத்தைச் சொன்னார்கள். "கந்தோர்ல பெசகா எழுதியிருப்பானுக," என்று சொல்லிவிட்டுப் போனார். வீரம்மா அதற்கும் தலையாட்டவில்லை. யார் பிசகினது என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு மட்டுந்தான் தெரியும்.

இரண்டு நாள் கழித்து, அரை நாள் கூலியான அரைப்பேர் வேலையோடு மலையிலிருந்து இறங்கி, படங்கை அவிழ்த்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டு அவள் பாடசாலைக்குப் போனாள். தலைமையாசிரியரான அதிபர் ஜெயரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர். ஆறு வருஷமாய் இங்கே இருக்கிறார். குளிர் ஒத்துக்கொள்ளாமல் எப்போதும் கழுத்தில் மப்ளர் சுற்றியிருப்பார்.

"இருங்கோ அம்மா. பிள்ளையள் சொன்னவை. அவையளிலை ஒரு பிழையும் இல்லை. ஆனா கந்தோருக்குக் கதை காணாது, கடதாசி வேணும்."

"என்னா கடதாசிங்க சார்?"

"பத்திரம் எடுக்கிறதுக்கு முந்தி ஆரும் எழுதி வைச்ச எழுத்து. ஆஸ்பத்திரி அட்டையோ, கோயில் புத்தகமோ, எதெண்டாலும் சரி. பிள்ளையின்ரை வயசு அதிலை இருக்க வேணும். இஞ்ச பள்ளிக்கூடத்துப் பேர் இடாப்பிலையும் இருக்குத்தான். ஆனா அது பத்திரத்தைப் பாத்து எழுதினது, செல்லாது." அவர் பேனையை மூடி வைத்தார். "மூத்தவ உண்மையிலை எந்த வருசம் பிறந்தவ?"

சொல்ல வாய் வந்தது. அவர் மேசைக்குப் பின்னால் அரசாங்க இலச்சினை தொங்குவதைப் பார்த்தாள். "வீட்டுல கேட்டுச் சொல்றேங்க," என்றாள். பெற்றவள் வீட்டில் யாரைக் கேட்பாள் என்று அவர் கேட்கவில்லை.

அதற்குப் பதிலாகச் சுவரைக் காட்டினார். பாடசாலையில் படிப்பித்தவர்களின் பெயர்கள் எழுதிய நீளப் பலகை. மேலே பெயின்ட் மங்கிய முதல் இரண்டு வரிகள்.

"ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தாறு. முதல் படிப்பிச்சவையும் ஒரு அக்காவும் தங்கச்சியும்தான். வடக்கிலை மிஷன் பள்ளியிலை படிச்சுப்போட்டு ரெயில் ஏறி வந்தவை. அப்ப இந்தக் கட்டிடம் இல்லை. கொழுந்து மடுவக் கொட்டிலிலை, நிறுவை முடிஞ்ச பிறகு பிள்ளையளை இருத்திப் படிப்பிச்சவையாம். பொம்பிளைப் பிள்ளையளை அனுப்பச் சொல்லி லயம் லயமாய்ப் போய்க் கேட்டவையாம். பழைய புத்தகத்திலை எழுதி வைச்சிருக்கினம்." அவர் விரல் பலகையில் கீழே இறங்கி வந்தது. "அதுக்குப் பிறகு எத்தினை பேர் வந்திட்டினம், பாருங்கோ. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, அட்டன் டவுன். இந்தத் தோட்டத்து லயத்துப் பெயர் ஒண்டும் இல்லை. இனித்தான் வரப்போகுது. வர வேணும், அம்மா."

வீரம்மாவுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். மூன்றாம் ஆண்டுவரை படித்தவள். முதல் இரண்டு வரியையும் மெல்ல வாசித்தாள். அந்தப் பெண்கள் இரண்டு பேருக்கும் ஒரே தலையெழுத்து, அதாவது ஒரே தகப்பன் பெயரின் முதலெழுத்து. பலகையின் கடைசியில் இரண்டு வரிக்கு இடம் இருந்தது. அவள் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மழை விடவில்லை. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் பக்கத்துக் காம்பராவில் பேசுவதுகூடக் கேட்கவில்லை. வீரம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். லோஜினி சம்பலுக்குத் தேங்காய் துருவினாள். கிருஷாந்தி ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, முத்து முத்தான கையெழுத்தில் ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"என்னா எழுதுற?"

"வெலகிக்கிறேன்னு எழுதுறேம்மா. நாளைக்குத் தபால்ல போடணும். என்னோட பத்திரந்தான் பிந்தி எடுத்தது. லோஜியோடது ஆஸ்பத்திரியில பதிஞ்சது, அதுல ஒரு கொறையுமில்ல. எம்பத்திரம் சந்தேகம், எனக்கு வேலை வேணான்னு எழுதிட்டா அவளோடத விட்டுருவாங்க."

"அக்கா, நான் போக மாட்டேன்னு சொல்லிட்டேன்ல," என்றாள் லோஜினி. "நீ இல்லாம நான் போய் அங்க நிக்க மாட்டேன்."

"வருசக்கணக்கா அம்மா மலையேறி நம்மளப் படிக்க வச்சிருக்காங்க. ஒரு சம்பளமாவது வரணும்ல. வரட்டும். சொந்தப் புள்ளைக்கு வரட்டும்."

வீரம்மாவின் கை மாவில் நின்றது.

"என்னாது?"

"அக்கா, வேணாம்," என்று லோஜினி அவள் கையைப் பிடித்தாள்.

"என்னா சொன்ன நீ? சொந்தப் புள்ளையின்னா என்னா?"

கிருஷாந்தி பேனையை மூடினாள். குரலில் கோபம் இல்லை. பல காலம் மனதுக்குள்ளே சொல்லிப் பார்த்த பேச்சுப்போல நிதானமாக வந்தது.

"ஏழாம் ஆண்டு படிக்கிறப்ப பெட்டியத் தொறந்து ரெண்டு பத்திரத்தையும் பாத்தோம். சிங்களத்துல இருந்தாலும் இலக்கம் தெரியுந்தானேம்மா. அஞ்சு மாசம். அன்னைக்கே வெளங்கிருச்சு, எங்க ரெண்டு பேர்ல ஒருத்தி ஒங்க வயித்துல பொறக்கலன்னு. லோஜிக்கு ஆஸ்பத்திரிப் பத்திரம் இருக்கு. எனக்கு இல்ல. அப்ப யாருன்னு தெரியாதா."

"பதிமூணு வருசமா இத மனசுல வச்சுக்கிட்டா இருந்த?"

"நீங்க ஒரு நாளும் வித்தியாசம் காட்டலம்மா. அதுனால எனக்கு ஒண்ணும் கொற இல்ல."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல புள்ள."

"கேட்டு, நீங்க ஆமான்னு சொல்லிட்டா?"

கல்லில் ரொட்டி கருகிப் புகைந்தது. யாரும் திருப்பவில்லை. வீரம்மா மாவுக் கையோடு மகளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். இதைச் சொல்லாமலே செத்துப்போகலாம் என்று இருபது வருஷமாய் நினைத்திருந்தவள், இப்போது எங்கே தொடங்குவது என்று தெரியாமல் சட்டென்று நடுவிலிருந்து தொடங்கினாள்.

"நான்தான் ரெண்டு வருசத்தக் கொறச்சேன். நீ தொண்ணூத்தியேழு செப்டம்பர். ஆவணி கடைசி. அப்ப நம்ம தோட்டத்துக் கீழ்ப்பிரிவுல இருந்தோம். ரோட்டுல மண்ணு சரிஞ்சு லொறி வரல. ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாம லயத்துலதான் பெத்தேன். நல்லமுத்துவோட அம்மா, அந்தக் கெழவி இப்ப இல்ல, அதுதான் பாத்துச்சு. வீட்டுல பெத்தா பதியணும்னு யாரு சொன்னா. ஒனக்கு அஞ்சு வயசு ஆனப்ப பள்ளிக்கொடத்துல பத்திரம் கேட்டாங்க. ஒங்கப்பா கொழும்புல கடையில நின்னாரு. நான் டவுனுக்கு மூணு தடவ நடந்தேன். அத கொண்டா, இத கொண்டான்னாங்க. ஒவ்வொரு தடவையும் அன்னைக்குப் பேரு போச்சு, கூலி இல்ல. ரெண்டு வருசம் அப்புடியே ஓடிருச்சு. லோஜிக்குச் சேக்குற வயசு வந்துருச்சு. நீ அவ கையப் புடிச்சுக்கிட்டு வாசல்ல நிக்கிற. அப்ப இருந்த எட் மாஸ்டர், ஏழு வயசுப் புள்ளைய ஒண்ணாம் ஆண்டுல எப்புடிச் சேக்குறது, வேணான்னுட்டாரு."

அவள் மூச்சு வாங்கினாள்.

"நாலாவது தடவ போனப்ப, பத்திரம் எழுதுறவருகிட்ட நான் தொண்ணூத்தொம்பதுன்னு சொன்னேன். ஏழுன்னு சொல்லல. மாசம் தேதி எல்லாம் சரியாத்தான் சொன்னேன். வருசத்த மட்டும் மாத்துனேன். லோஜிக்கு எத்தன மாசம் முந்தி வருதுன்னு எண்ணிப் பாக்குற புத்தி எனக்கு இல்ல. ரெண்டு பேரும் ஒண்ணா போகணும், அவ்வளவுதான் எம்மனசுல இருந்துச்சு. கைநாட்டு வைக்காம கையெழுத்தே போட்டேன், ஒரு பெருமையா."

கிருஷாந்தி ஒரு கணக்கைச் சரிபார்ப்பவள்போலக் கேட்டாள்: "தொண்ணூத்தியேழு ஆவணி."

"ஆமா."

"நீங்கதான் பெத்தீங்க."

"நான்தான் பெத்தேன். விடிய விடியக் கத்துனேன். ஒனக்குத் தலை பெருசு."

லோஜினி அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். கிருஷாந்தி சிரிக்கவில்லை. எழுந்து கருகிய ரொட்டியைக் கல்லிலிருந்து எடுத்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னாள்:

"அஞ்சாம் ஆண்டுல நான் சமைஞ்சேன்ல. கிளாஸ்ல ஒரு புள்ளையும் அப்ப ஆகல. எல்லாத்தையும் விட நான்தான் ஒசரம். எனக்கு ஒடம்புல என்னமோ கோளாறுன்னு எத்தன நாள் பயந்திருக்கேன். ஒரு நாளாச்சும் சொல்லிருக்கலாம்ல நீங்க."

"சொல்லிருக்கணும்," என்றாள் வீரம்மா. "பயந்துக்கிட்டு இருந்துட்டேன். நீங்க பெரிய படிப்புப் படிக்கப் படிக்க என் பயமும் பெருசாயிருச்சு. தெரிஞ்சா உள்ள போட்டுருவாங்களோன்னு."

கிருஷாந்தி எழுதிய தாளை நாலாக மடித்து அடுப்புக்குள் வைத்தாள். கருகிய ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டுத் தின்றாள். இன்னொரு துண்டைத் தாயிடம் நீட்டினாள்.

பெக்டரியிலிருந்து வந்து அதே அறையின் மூலையில் படுத்திருந்த செல்லசாமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பாயை விட்டு எழுந்து வந்து அடுப்புப் பக்கம் குந்தினார். மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாங்க என்னமோ, எங்கயோ எடுத்தாந்த புள்ளையின்னா நெனச்சுக்கிட்டு இருந்த," என்றார். தேத்தண்ணியை இரண்டு வாய் குடித்தார். பிறகு வேறு குரலில், "ரெண்டும் காளியாயிட்டதானே கெடந்துச்சுங்க," என்றார்.

"என்னா?" என்றாள் வீரம்மா.

"கீழ்ப்பிரிவு புள்ளக்காம்பராவுல. மிட்வைப் அம்மா மாசத்துக்கு ஒருக்கா வந்து எல்லாத்தையும் தராசுல போட்டு நிறுத்து புத்தகத்துல எழுதுவாங்கல்ல. வயசு போட்டுத்தான் எழுதுவாங்க. சார் கேட்ட எழுத்து அதுல இல்லையா?"

மூன்று பெண்களும் அவரைப் பார்த்தார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் சொன்ன பேச்சு எதற்கும் அப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை.

காளியாயி முப்பது வருஷம் பிள்ளைக்காம்பரா ஆயம்மாவாக இருந்தவள். பாலகர்களை விட்டுவிட்டுத் தாய்மார் மலைக்குப் போனால் மத்தியானம் வரும்வரை நாற்பது பிள்ளைகளையும் மேய்த்தவள். எழுபது வயதிலும் குரல் குறையவில்லை. விஷயத்தைக் கேட்டதும் செருப்பைத் தேடினாள்.

"புதுசா ஒண்ணு கட்டுனாங்கல்ல, அப்ப பழைய புத்தகமெல்லாம் கொளுத்தப் பாத்தாங்க. டாக்டரையா கையெழுத்துப் போட்ட புத்தகத்தக் கொளுத்துனா பாவம்னு நான்தான் தேயிலப் பெட்டியில அள்ளிப் போட்டு கூரைக்குக் கீழ அட்டத்துல ஏத்துனேன். இருக்கா, எலி தின்னுச்சான்னு பாக்கணும்."

பழைய பிள்ளைக்காம்பராவில் இப்போது உர மூட்டைகள் அடுக்கியிருந்தார்கள். சாவி கண்டாக்கு பிரதாப்பிடம். இளம் ஆள், கண்டிப்பானவர். வீரம்மா தயங்கித் தயங்கிக் கேட்டபோது எதற்கு என்று விசாரித்தார். கேட்டுவிட்டு, "நான் உர மூட்டை எண்ண வந்தேன். நீங்க என்ன பண்றீங்கன்னு நான் பாக்கல," என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டு வெளியே நின்றுகொண்டார்.

உர நெடி கண்ணை எரித்தது. லோஜினி மூட்டைமேல் ஏறி அட்டத்துக்குப் போனாள். பெட்டி இருந்தது. மேலே இருந்த புத்தகத்தை எடுத்ததும் அது கையில் மண்ணாய் உதிர்ந்தது. கறையான். அடுத்ததும் அப்படியே. தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது இரண்டும் ஒரே கட்டியாகிப்போயிருந்தன. வீரம்மா வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அடியில பாரு புள்ள, அடியில," என்றாள் காளியாயி. "அடியில தகரம் இருக்கு, கறையான் அவ்வளவு லேசுல ஏறாது."

அடியில் ஒன்று முழுசாய் இருந்தது. ஓரம் மட்டும் எலி கரம்பியிருந்தது. கிருஷாந்தி அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து முந்தானையால் துடைத்தாள். இரண்டாயிரமாம் ஆண்டு. பக்கம் பக்கமாய்ச் சிங்களக் கையெழுத்து. மிட்வைப் சிங்களப் பெண். கல்லூரியில் படித்த சிங்களம் பிள்ளைகளுக்கு இப்போது உதவியது. அங்கே பிள்ளைகளுக்குப் பெயர் இல்லை. தாயின் பெயரும், தோட்டச் சம்பளப் பதிவான செக்ரோல் நம்பரும்தான்.

"ஒங்க நம்பர் என்னாம்மா?"

"இருநூத்திப் பதினாலு. இன்னைக்கும் அதுதான்."

கிருஷாந்தியின் விரல் மே மாதப் பக்கத்தில் இறங்கியது. நின்றது. அவள் வாசிக்கவில்லை. புத்தகத்தைத் தங்கையிடம் திருப்பிக் காட்டினாள். லோஜினிதான் வாசித்தாள்.

"இருநூத்திப் பதினாலு, வீரம்மா. பெண். ரெண்டு வருசம் எட்டு மாசம். பத்தரைக் கிலோ." குரல் உடைந்தது. "அதுக்குக் கீழ. இருநூத்திப் பதினாலு, வீரம்மா. பெண். மூணு மாசம். அஞ்சு கிலோ."

அடுத்தடுத்த வரி. பக்கத்தின் அடியில் கையொப்பமும் தேதியும் ஊதா நிற முத்திரையும்.

"இந்தச் சின்னது இருக்கே," என்று காளியாயி லோஜினியைக் காட்டினாள், "தொட்டில ஆட்டுறத நிறுத்துனா போதும், பெக்டரி வரைக்கும் கேக்கும். பெரியவ வந்து கம்பிக்குள்ள கைய விட்டு ஆட்டுவா. அவளே ஒரு முழம். அவ ஆட்டுனாத்தான் நிக்கும்."

கிருஷாந்தி புத்தகத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு வெளியே போய் மழைச் சாரலில் நின்றாள். இந்த முறை லோஜினி குடையோடு போனபோது விலகவில்லை.

பன்னிரண்டாம் நாள் மூன்று பேருமாய்க் கண்டிக்குப் போனார்கள். வீரம்மா கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டியிருந்தாள். வழியெல்லாம் சிங்களத்தில் சொல்லவேண்டியதை மனதுக்குள் அடுக்கிப் பார்த்தாள். கடைக்காரனிடமும் பஸ்ஸிலும் பேசுகிற சிங்களம்தான் அவளுக்குத் தெரியும். குற்றம் ஒப்புக்கொள்கிற சிங்களம் தெரியாது.

அந்த அதிகாரிப் பெண்ணுக்கு வீரம்மாவின் வயதுதான் இருக்கும். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். கிருஷாந்தி பேசத் தொடங்கியபோது வீரம்மா அவள் கையை அமர்த்தினாள்.

"மகே வெரெத்த, மிஸ்," என்றாள். என் பிழை. "பிள்ளைகள் பிழை இல்லை. மூத்தவள் தொண்ணூற்றேழில் பிறந்தாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கவேண்டும் என்று நான்தான் வருஷத்தை மாற்றிச் சொன்னேன். எனக்கு என்ன செய்தாலும் சரி. அவர்களுக்கு ஒன்றும் தெரியாது." சொற்கள் முன்பின்னாக விழுந்தன. ஆனால் எல்லாம் வந்துவிட்டன.

பக்கத்து மேசைகளில் தட்டெழுத்துச் சத்தம் நின்றது. அதிகாரி கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கினார். உர வாசனைக்கு முகம் சுளித்தார். அடையாளத்துக்கு வைத்த துண்டை எடுத்துவிட்டு அந்தப் பக்கத்தை வாசித்தார். மறுபடி வாசித்தார். ஓரத்தில் பொடி எழுத்தில் மிட்வைப் எழுதியிருந்த ஒரு குறிப்பு இருந்தது. பிள்ளைகளுக்கு அந்த எழுத்து விளங்கவில்லை. அதிகாரிக்கு விளங்கியது. சத்தமாகவே வாசித்தார்:

"மூத்த பிள்ளை எடை போதாது. தன் பங்குப் பாலைத் தங்கைக்குக் கொடுக்கிறாள். திரிபோஷாச் சத்துமா கொடுத்து, ஆயம்மா பக்கத்தில் இருந்து ஊட்டவும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கிருஷாந்தியையும் லோஜினியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வீரம்மாவிடம் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். அதை லோஜினி தமிழில் சொன்னாள்.

"ஏன் மாத்துனீங்கன்னு கேக்குறது அவங்க வேல இல்லியாம். வருசம் தப்பா பதிஞ்சிருக்கு, அதுக்கு முந்தின அரசாங்க எழுத்து இருக்கு, அவ்வளவுதான் அவங்களுக்கு வேணுமாம். பதிவாளர்கிட்ட திருத்தத்துக்கு எழுதிப் போட்டு, அந்த ரசீதக் கொண்டாந்தா பைல்ல வச்சுருவாங்களாம். ஒங்க சத்தியக் கடதாசியும் வேணுமாம்மா. இப்ப சொன்ன மாதிரியே எழுதணுமாம்."

"உள்ள போட மாட்டாங்களா?"

லோஜினி அதை மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. அதிகாரி இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "வாடிவென்ன, அம்மே," என்றார். உட்காரச் சொன்ன அந்த நாற்காலியின் ஓரத்தில் வீரம்மா உட்கார்ந்தாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சைவக் கடைக்குள் போனார்கள். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து மூன்று பேரும் சரியாய்ச் சாப்பிடவில்லை. வடையும் தோசையும் வந்த வேகத்தில் போயின. மறுபடி கேட்டார்கள். கடைக்காரர் சாம்பார் வாளியை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

"ஒண்ணு தெரியுமா," என்றாள் கிருஷாந்தி, வாயில் தோசையோடு. "இப்ப நான் ஒன்ன விட ரெண்டு வருசம் முந்தியே பென்ஷன்ல போயிருவேன்."

"போயிட்டு?"

"வீட்டுல இருந்துக்கிட்டு, நீ பள்ளிக்கொடம் போறப்ப, குடையக் கொண்டு போடின்னு சத்தம் போடுவேன். மூத்தவ இல்லையா."

வீரம்மா சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க அது வேறாக மாறியது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கடையில் யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று தேம்பினாள். பிள்ளைகள் தடுக்கவில்லை. கிருஷாந்தி மட்டும் தன் நாற்காலியைத் தாயின் பக்கம் ஒட்டிப் போட்டுக்கொண்டு, ஒரு வடையைப் பிட்டு ஊட்டினாள்.

நியமனக் கடிதம் ஒரு மாதம் பிந்தித்தான் வந்தது. வந்த அடுத்த திங்கட்கிழமை மழை விட்டு, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தின்மேல் வெயில் விழுந்திருந்தது. காலைப் பெரட்டில், வேலை பிரிக்கும்போது, வீரம்மாவுக்கு மூன்றாம் நம்பர் மலை கிடைத்தது. அங்கிருந்து பார்த்தால் பாடசாலை முற்றம் முழுவதும் தெரியும். தானாய்க் கிடைத்ததா, கண்டாக்கு கொடுத்ததா என்று யாரும் சொல்லவில்லை.

ஏழரைக்கு லயத்துப் பாதையில் இரண்டு சேலைகள் இறங்கின. ஒன்று பச்சை, ஒன்று ஊதா. மலையிலிருந்த அத்தனை பெண்களும் கிள்ளுவதை நிறுத்தினார்கள். யாரும் கூப்பிடவில்லை, கையசைக்கவில்லை. சும்மா நின்று பார்த்தார்கள். முற்றத்தில் பிள்ளைகள் வரிசையாய் நின்றார்கள். மப்ளர் சுற்றிய அதிபர் முன்னால் வந்து என்னவோ சொன்னார். பிறகு நூற்றைம்பது பிள்ளைகள் சேர்ந்து இழுத்து இழுத்துச் சொன்ன காலை வணக்கம் காற்றில் ஏறி மலைவரை வந்தது.

அன்று மத்தியான நிறுவையில் வீரம்மாவின் கொழுந்து நாலு கிலோ குறைந்திருந்தது. பிரதாப் தராசைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்.